செங்கமாரியும் சுரப்பும்: ஈழத்து மருத்துவத் தமிழ் தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

1

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றினை எழுதியோர் 19ஆம் நூற்றாண்டினை உரைநடையின் காலம் எனக் கொள்வர். ஆறுமுக நாவலரின் பாலபாடங்களும் கண்டனங்களும், 1841இல் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையும், மிஷனரிமாரின் துண்டுப்பிரசுரங்களும் அதற்குச் சான்றுகளாக எடுத்துக்காட்டப்படும். சமயவாதப் போரின் விளைபொருளாகவே நவீன உரைநடை பிறந்தது என்பது ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. இவ்வாய்பாட்டில் உண்மை உண்டு. ஆனால் முழுமை இல்லை. அதே காலத்தில், அதே குடாநாட்டில், கடவுளைப் பற்றியன்றிக் குடலையும் ஈரலையும் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழிலே எழுதப்பட்டன. அவை இலக்கிய வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பளவு இடத்தையே பெறுகின்றன.

நாவலர் பிறந்தது 1822 டிசெம்பரில். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஒருவர் சைவத்தைக் காக்கவும் மற்றவர் கிறித்தவத்தைப் பரப்பவும் முனைந்தனர். நோக்கங்கள் முரண்பட்டபோதும் இருவரும் ஒரே கருவியைக் கூர்மைப்படுத்தினர். அது தமிழ் உரைநடை. நாவலரின் கருவி இன்றும் நம் கையிலிருக்கிறது. கிறீனின் கருவி துருப்பிடித்துக் கிடக்கிறது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்ற வினாவுக்கு மொழியின் இயல்பில் விடை தேடுவோர் பலர். அவ்விடை சமூகப் பொருளாதார உறவுகளிலேயே தேடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனைப் பொதுப்படப் பேசாது, ஈரல் எனும் ஓர் உறுப்பையும், சுரத்தல் எனும் ஒரு தொழிற்பாட்டையும், செங்கமாரி எனும் ஒரு நோயையும் பற்றிக்கொண்டு ஆராய்வோம்.

2

யாழ்ப்பாணத்தார் செங்கமாரி என்பதைத் தமிழகத்தார் மஞ்சட்காமாலை என்பர். கண்ணும் தோலும் சிறுநீரும் மஞ்சளாகும் நிலை அது. சித்த மருத்துவம் அதனைப் பித்தத்தின் மிகுதியாற் பிறக்கும் நோயாகக் கண்டது. யாழ்ப்பாண அரசர் காலத்துடன் தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் நோய்களை வகுத்து மருந்து கூறும் நீண்ட மரபொன்றின் சான்றுகள். ஏழாலை ஐ. பொன்னையா 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் பரராசசேகரத்தைப் பதிப்பிக்கும்வரை அது பெரும்பாலும் ஏடுகளிலும் பரம்பரை வைத்தியர் குடும்பங்களிலும் அடைபட்டுக் கிடந்தது. நிலமானிய சமுதாயத்தில் அறிவு குடும்பச் சொத்து. அது செய்யுளில் அமைந்தமைக்கும் மனனத்துக்குரியதாக இருந்தமைக்கும் இதுவே அடிப்படை.

செங்கமாரி என்னும் ஒரு சொல் இன்றைய அறிவின்படி பல நோய்களின் பொது அடையாளமே அன்றித் தனி நோய் அன்று. பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். மாசடைந்த நீராற் பரவும் ஏ வகை ஈரலழற்சியாலும் ஆகும். குருதியாலும் பிரசவத்தாலும் தூய்மையற்ற ஊசியாலும் பாலுறவாலும் பரவும் பி வகை ஈரலழற்சியாலும் ஆகும். இவற்றுள் ஏ வகை கிணற்றோடும் மலசலகூடத்தோடும் தொடர்புடையது. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நம் குடாநாட்டிலே கழிவு நிலத்தடி நீரை எளிதிற் சென்றடையும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கிணற்றிலே நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில், தூய நீர் எவருக்குக் கிடைத்தது என்ற கேள்வி மருத்துவக் கேள்வி மட்டுமன்று.

பி வகையோ வேறு இயல்பினது. அது பெரும்பாலானோரிடத்துக் கண்ணை மஞ்சளாக்காமலே பல்லாண்டுகள் ஈரலில் தங்கிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றப்பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானோரிடமே அவ்வாறு நிலைக்கிறது. நிலைத்தவிடத்து ஈரல் இழைநார் ஆதலும் புற்றுநோயும் பின்விளைவுகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022இல் 25 கோடியே 40 இலட்சம் மக்கள் இத்தொற்றுடன் வாழ்ந்தனர். அவ்வாண்டில் 11 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். செங்கமாரி என்ற சொல்லுக்குள் அடங்காத இந்நோயை அறிவதற்குப் பித்தத்தை அறிந்தாற் போதாது. கலத்தினுள்ளே நடைபெறும் சுரப்பை அறிதல் வேண்டும். அத்தகைய அறிவு தமிழுக்கு வரத் தொடங்கிய இடம் மானிப்பாய்.

3

கிறீன் 1847 ஒக்ரோபரில் வட்டுக்கோட்டையை அடைந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாய்க்கு மாறினார். 1848 முதல் மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்திற் பயிற்றுமொழி ஆங்கிலம். 1864இல் தொடங்கிய வகுப்பிலிருந்து அது தமிழாயிற்று. 1857ஆம் ஆண்டு முடிவிலிருந்து 1862 வரை தாயகத்திற் கழித்த காலம் நீங்கலாக, 1873 வரை அவர் இங்கே பணியாற்றினார். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றினார்.

நூல்களின் நிரல் வியப்பூட்டுவது. கட்டரின் உடலியல் நூல் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் தலைப்புடன் 1850களில் வந்தது. மோன்செலின் நூல் பிரசவ வைத்தியம் ஆயிற்று (1857). துருவிற்றின் சத்திர நூல் இரண வைத்தியம் ஆயிற்று (1867). கிறேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்றும், ஊப்பரின் நூல் வைத்தியாகரம் என்றும் 1872இல் வெளிவந்தன. உவெல்சின் இரசாயன நூல் கெமிஸ்தம் (1875). தோல்ற்றனின் உடற்றொழிலியல் மனுஷ சுகரணம் (1883). உவாரிங்கின் மருந்தியல் இந்து பதார்த்த சாரம் (1884). எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. சாப்மன், டன்வதர் முதலிய தமிழ் மாணவரின் உழைப்பின்றி இவை உருப்பெற்றிரா. ஒரு தனிமனிதரின் சாதனையாக மட்டும் இதனைப் போற்றுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. இது ஒரு மொழிபெயர்ப்புக் குழுவின் கூட்டுழைப்பு.

கலைச்சொல்லாக்கத்தில் அவர்கள் கைக்கொண்ட நெறி ஆராயத்தக்கது. அங்காதிபாதம் என்ற பெயரால் ஈழத்துச் சித்த மருத்துவத்தில் ஏலவே ஒரு நூல் வழங்கிற்று. அதாவது உள்ளூர் மரபில் இருந்த சொல் முதலிலே தேடப்பட்டது. அது கிடைக்காதவிடத்து வடமொழி மூலங்களிலிருந்து சொல் ஆக்கப்பட்டது. உடலின் இயக்கத்தைக் கூறும் துறை சுகரணம் ஆயிற்று. அதுவும் பொருந்தாதவிடத்து மேனாட்டுச் சொல்லே தமிழ் ஒலியுடன் ஏற்கப்பட்டது, கெமிஸ்தம் அவ்வகையினது. தூய்மைவாதமும் இல்லை, கண்மூடித்தனமான கடன்வாங்கலும் இல்லை. செய்ய வேண்டிய வேலையே சொல்லைத் தீர்மானித்தது.

மனுஷ சுகரணத்தின் மூலநூலாசிரியராகிய தோல்ற்றன் பாரிசில் குளோட் பேர்னாட்டிடம் பயின்றவர். ஈரல் பித்தத்தைக் குழாய்வழி வெளியே விடுவதோடு நில்லாது, வெல்லத்தைக் குருதிக்குள்ளேயே விடுகிறது என்று நிறுவி, 1855இல் ‘உட்சுரப்பு’ என்னும் கருத்தை முன்வைத்தவர் பேர்னாட். உடலியலில் ஒரு யுகமாற்றத்தைக் குறித்த கருத்து அது. அக்கருத்தைத் தந்தவரின் மாணவர் எழுதிய நூல் மூன்று தசாப்தங்களுக்குள் யாழ்ப்பாணத் தமிழ் மாணவனின் கைக்கு எட்டியது என்றால், அறிவியலைத் தாங்கும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்ற கூற்று 1883இலேயே பொய்யாகிவிட்டது எனலாம்.

கிறீனை மிகைபடப் புகழ்தலும் தவறாகும். மதமாற்றமே அவரது இறுதி நோக்கம். மருத்துவம் அதற்கு வாயில். நாட்டு வைத்தியரை அவர் ஐயத்துடன் நோக்கினார். ஆயினும் தனிமனித நோக்கமும் வரலாற்று விளைவும் எப்பொழுதும் ஒன்றாவதில்லை. சமயத்தைப் பரப்ப வந்தவர் விட்டுச்சென்றது சமயச் சார்பற்ற ஓர் அறிவு மொழி.

4

அம்மொழி ஏன் தொடரவில்லை?

தமிழுக்கு மாறியமைக்குக் கிறீன் காட்டிய காரணங்களுள் ஒன்று கவனத்துக்குரியது. ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர் வேலையையும் நாடிச் சென்றனர். தமிழிற் கற்றவர் தம் கிராமங்களிலே தங்கி மக்களுக்கு உதவுவர் என அவர் எதிர்பார்த்தார். மொழிக்கும் உழைப்புச் சந்தைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது. ஆனால் கிராமத்திலே தங்கியவருக்கு ஊதியம் கொடுப்பவர் யார்? சிறு நிலவுடைமையும் புகையிலைச் செய்கையும் கொண்ட குடாநாட்டுப் பொருளாதாரம் உபரியான படித்த இளைஞரை வெளியே அனுப்பியே வாழ்ந்தது. பின்னர் மலாயாவரை அனுப்பியது. அந்த ஏற்றுமதிக்குரிய முத்திரை ஆங்கிலம்.

1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பரங்கிப்புண் நோயால் வன்னி மக்கள் அருகிவந்தமை பற்றிய விசாரணை அதற்கு ஒரு தூண்டுகோல். அவ்விசாரணையோடு தொடர்புடைய ஜேம்ஸ் லூஸ் என்பாரே அதன் முதல் அதிபர். வன்னிக் கிராமத்தவனின் துயர் காரணமாகத் தொடங்கிய கல்லூரி அவன் அறியாத மொழியிலே கற்பித்தது என்பது குடியேற்ற ஆட்சியின் முரண்பாடுகளுள் ஒன்று. அரசு ஏற்ற தகுதி, அரசு தந்த பதவி, அரசு நடத்திய வைத்தியசாலை யாவும் ஆங்கிலத்தோடு பிணைந்தன. 1850இல் பேர்சிவல் டைக் காலத்திலே தோன்றிய யாழ்ப்பாண வைத்தியசாலை 1907இல் அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது இப்பிணைப்பு முற்றுப்பெற்றது எனலாம். மனுஷ சுகரணம் அச்சேறிய காலத்திலேயே அதனைப் படித்துப் பிழைக்கும் வழி சுருங்கிக்கொண்டிருந்தது. நூல் இருந்தது, வாசகனை உருவாக்கும் தொழில் இல்லை. ஓர் அறிவு மொழி மடிவது சொல் இல்லாமையால் அன்று. அச்சொல்லை வைத்து வாழ்வோர் இல்லாமையால்.

5

கிறீன் 1884இல் மறைந்தார். அவருக்குப் பிந்திய நூற்றாண்டில் சுரப்பு பற்றிய அறிவு உறுப்பிலிருந்து கலத்துக்கு இறங்கியது. ஈரற்கலம் என்ன செய்கிறது, அதனுள் பி வகை வைரசு என்ன செய்கிறது என்பதை மானிப்பாய் மரபில் நின்று தமிழிலே கூறிப் பார்ப்போம்.

கலத்திலே புரதம் ஆக்கப்படும் இடம் இறைபோசோம். கலத்தைவிட்டு வெளியேற வேண்டிய புரதத்தின் முன்னே முகவரி போன்ற ஒரு பகுதி உண்டு. அம்முகவரியைக் கண்டு, ஆக்கப்படும்போதே அது அகமுதலுருச் சிறுவலை என்னும் மென்சவ்வுத் தொகுதிக்குட் செலுத்தப்படும். அங்கே அது மடிந்து, கந்தகப் பிணைப்புகளால் இறுகி, வெல்லச் சங்கிலி பூண்டு, சிறு பைகளிலேறிக் கொல்கியுபகரணத்துக்குச் சென்று, இறுதியில் வெளியே விடப்படும். இப்பாதையைக் கண்டறிந்தமைக்காக 1974இல் ஜோர்ஜ் பலாடேயும், முகவரிக் கொள்கைக்காக 1999இல் குந்தர் புளோபெலும் நோபெல் பரிசு பெற்றனர்.

பி வகை வைரசின் மரபுப்பொருள் மிகச் சிறியது. ஏறத்தாழ 3200 எழுத்துகளே கொண்டது. எனவே ஒரே பகுதியைப் பலமுறை பயன்படுத்தும் சிக்கனம் அதன் இயல்பு. அதன் மேலுறைப் புரதங்கள் மூன்று. ஒரு நீண்ட தொடரை மூன்று வேறு இடங்களிலே தொடங்கி ஒரே இடத்தில் முடித்தாற்போல, பெரியது, இடையது, சிறியது என அவை பிறக்கின்றன. சிறியதில் 226 அமினோ அமிலங்கள். இடையது அதனினும் 55 கூடியது. பெரியதோ வைரசின் வகைக்கேற்ப 389 அல்லது 400 கொண்டது. சிறுவலையின் சவ்விலே பதிந்த சிறிய புரதங்கள் இணையிணையாகச் சேர்ந்து, சவ்வின் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு, 22 நனோமீற்றர் விட்டமுள்ள உருண்டைகளாகி உட்புறம் நோக்கி அரும்பி, கலத்தின் வழக்கமான சுரப்புப் பாதையினூடே குருதியை அடைகின்றன. இவ்வுருண்டைகளுள் மரபுப்பொருள் இல்லை. இவை நோயைத் தொற்றச் செய்யா. 1970இல் இலண்டனில் டேவிட் டேன் இனங்கண்ட முழு வைரசு 42 நனோமீற்றர் அளவினது. அது வேறு பாதையொன்றால் வெளியேறுவதாக இன்று அறியப்படுகிறது. பெரிய புரதம் அளவுக்கு மிஞ்சினாற் சுரப்பு தடைப்பட்டுச் சிறுவலைக்குள்ளே தேங்கும். நுணுக்குக்காட்டியில் அத்தகைய கலங்கள் தேய்த்த கண்ணாடி போன்று மங்கித் தோன்றும்.

ஒரு முழு வைரசுக்கு ஆயிரம் முதல் இலட்சம் வரையான வெற்றுருண்டைகள் குருதியில் மிதக்கின்றன. வைரசை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகளை இவை தம்மேல் ஈர்த்து வீணாக்குகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம். இன்னொரு புரதம் ஈ உடலெதிரியாக்கி எனப்படுவது. அதன் முகவரிப் பகுதி சிறுவலையில் வெட்டப்படுகிறது. வால்பகுதி கொல்கியுபகரணத்தை அண்டிய பாதையில் பியூரின் என்னும் கலத்தின் சொந்த நொதியத்தால் வெட்டப்படுகிறது. எஞ்சியது குருதியிற் சுரக்கப்படுகிறது. வைரசின் உடலமைப்பில் இடம்பெறாத இப்புரதம், உடலின் எதிர்ப்பைத் தணித்துத் தொற்று நிலைக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. வெட்டும் கத்தியும் ஏற்றிச்செல்லும் பையும் வைரசினுடையவை அல்ல; ஈரற்கலத்தினுடையவை.

மிகையாகச் சுரக்கப்படும் இப்புரதத்தை ‘உபரி உற்பத்தி’ என்னும் பொருளியற் கருத்தோடு ஒப்பிட்டு மகிழ்வது எளிது. ஆனால் உவமை விளக்கமாகாது. கலத்திலே வர்க்கங்கள் இல்லை. வர்க்க உறவுகள் அப்புரதம் உடலுக்கு வெளியே எடுக்கப்பட்ட பின்னரே அதனைச் சூழ்கின்றன.

6

1963இல் அமெரிக்காவில் பரூக் புளும்பேர்க் என்பார் பலமுறை குருதியேற்றப்பட்ட ஒரு நோயாளியின் குருதிநீரை உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற குருதி மாதிரிகளோடு கலந்து ஆராய்ந்தபோது, அவுஸ்திரேலிய ஆதிக்குடி மனிதர் ஒருவரின் குருதியிலிருந்த ஒரு புரதம் வினைபுரிந்தது. அது அவுஸ்திரேலிய உடலெதிரியாக்கி எனப் பெயர்பெற்றது. ஈரற்கலம் சுரந்த அந்த வெற்றுருண்டைகளே அவை என்பது சில ஆண்டுகளிலே தெளிவாயிற்று. 1976இற் புளும்பேர்க் நோபெல் பரிசு பெற்றார். குருதி தந்தவரின் நாடு பெயரில் நின்றது; பெயர் நிற்கவில்லை.

கண் மஞ்சளாகாதவரிடத்தும் நோயை அறியும் பரிசோதனை இதனாற் பிறந்தது. குருதி வங்கிகள் காக்கப்பட்டன. தொற்றாத உருண்டைகளே எதிர்ப்பாற்றலை எழுப்பும் என்பதால் அவற்றையே தடுப்புமருந்தாக்கும் முறைக்கு 1969இற் காப்புரிமை கோரப்பட்டது. நோய்க்காவிகளின் குருதியிலிருந்து பிரித்து, பெப்சின், யூரியா, போமலின் ஆகியவற்றாற் பதப்படுத்திய மருந்து 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளியின் ஈரல் சுரந்ததே மூலப்பொருள். பின்னர் சிறிய புரதத்தின் மரபணு மதுவத்துட் செலுத்தப்பட்டது. அவ்வழி ஆக்கிய மருந்து 1986இல் வந்தது. மதுவம் அப்புரதத்தை மனிதக் கலம்போற் சுரப்பதில்லை. கலத்தை உடைத்தே எடுக்க வேண்டும். உற்பத்திச் சாதனம் நோயாளியின் உடலிலிருந்து தொழிற்சாலைக் கலனுக்கு மாறியது; உடைமையோ ஒருசில கம்பனிகளின் கையிலே நின்றது. விலை காரணமாக மருந்து அதிகம் தேவைப்பட்ட ஆசிய, ஆபிரிக்க மக்களை அது நீண்டகாலம் எட்டவில்லை.

1997இல் ஐதராபாத்தின் சாந்தா பயோரெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே மதுவத்தின் வழி இம்மருந்தை ஆக்கி, இறக்குமதி விலையினும் மிகக் குறைந்த விலைக்கு விற்றது. புரதத்தின் விலை அதன் இயற்கைப் பண்பு அன்று, சந்தையின் பண்பு என்பதை இந்நிகழ்ச்சி நிரூபித்தது. 2009இல் அதே நிறுவனத்தைப் பிரான்சின் சனோபி வாங்கியது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். இலங்கையில் 2003 முதல் இத்தடுப்புமருந்து அரசின் இலவசத் திட்டத்திற் குழந்தைகளுக்கு அளிக்கப்படுகிறது. இலவச சுகாதாரம் என்னும் சமூக வெற்றியின் பயன் இது.

இவ்வரலாற்றின் இன்னொரு கிளை நம் முற்றங்களிலே முளைத்தது. செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லியைப் பாலிலோ மோரிலோ அரைத்துக் குடிப்பது நெடுங்கால வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ். பி. தியாகராஜனும் குழுவினரும் இதனை ஆராய்ந்து, நிலைத்த தொற்றுடையோரிற் பலரின் குருதியிலிருந்து மேலுறைப் புரதம் நீங்கியதாக 1988இல் லான்செற் இதழில் எழுதினர்; மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு நீங்கியதாக அதிலே கூறப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் அப்பயன் உறுதிப்படவில்லை. இதனிடையே அத்தாவரத்தின் சாற்றை இந்நோய்க்குப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெறப்பட்டுவிட்டது. மூலிகையிலே எல்லாம் உண்டு என்னும் பழமைவாதமும், மூலிகையிலே எதுவும் இல்லை என்னும் மேட்டிமைவாதமும் இங்கே ஒருங்கே தோற்றன. சோதித்துப் பார்த்தலே நெறி. பி வகைத் தொற்றுடைய ஒருவரின் கண்ணிலே மஞ்சள் மறைந்துவிட்டால் நோய் மறைந்துவிட்டது என்று எண்ணி அவர் பரிசோதனையைக் கைவிடுவாராயின், அதன் விலை அவர் உயிர்.

7

இவ்விடத்தில் மொழி மீண்டும் கேள்வியாகிறது. 1950கள் முதல் தாய்மொழிக் கல்வியின் பொருட்டு அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இக்கட்டுரையிற் பயின்றுள்ள கலம், மதுவம், நொதியம், அகமுதலுருச் சிறுவலை ஆகியன உயர்தர வகுப்பு மாணவர் அறிந்த சொற்களே. கிறீனுக்குப் பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அறுந்திருந்த இழை அரசியற் கோரிக்கையின் வலிமையால் மீண்டும் பிணைக்கப்பட்டது. ஆனால் அது பாடசாலை வாயிலில் நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்திலே 1974இற் பல்கலைக்கழக வளாகமும் 1978இல் மருத்துவ பீடமும் தோன்றின. மானிப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அப்பீடத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலமே. உலக அறிவோடு உறவாட ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. கிறீனின் மாணவரும் ஆங்கிலம் அறிந்தவர்களே; அதனாலேதான் அவர்களால் மொழிபெயர்க்க முடிந்தது. ஆங்கிலத்தில் அறிந்ததைத் தமிழிலே திருப்பித் தரும் கடப்பாடு எந்தத் தொழில் விதியிலும் இடம்பெறவில்லை என்பதே குறை.

விளைவு வெளிப்படை. தாயின் குருதியிலே மேலுறைப் புரதம் காணப்பட்டது என்ற பரிசோதனை முடிவு மூன்று ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாக ஒரு தாளில் எழுதப்படுகிறது. அதனைப் பெறும் பெண் தனக்குச் செங்கமாரி இல்லையே என்று நினைக்கிறாள். அவள் அறிய வேண்டியது சிறிது: கண் மஞ்சளாகாமலே ஈரலில் வைரசு இருக்கலாம், குழந்தை பிறந்ததும் ஊசி போட்டால் அதனைக் காக்கலாம், தான் பரிசோதனையைத் தொடர வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களைக் கூறத் தமிழிற் சொல் இல்லை என்று எவரும் சாதிக்க இயலாது.

கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலால் அம்மனிதரை மீட்டுத் தந்தார். அடிச்சுவட்டைப் போற்றுவது போதுமானதன்று. கிறீனின் நூல்களை நூல்நிலையப் பேழையிலிருந்து எடுத்து மறுபதிப்பிடுவதும், அவற்றின் சொற்களை இன்றைய சொற்றொகுதிகளோடு ஒப்பிட்டு ஆராய்வதும் தமிழ்த்துறையின் பணி. மருத்துவ பீட மாணவர் ஒவ்வொருவரும் தாம் கற்ற ஒரு நோயையேனும் நோயாளி விளங்கும் தமிழில் எழுதித் தருவதைப் பாடத்திட்டத்தின் பகுதியாக்குவது மருத்துவத்துறையின் பணி. அவ்வெழுத்துக்கு மதிப்பெண்ணும் ஊதியமும் உண்டானால்தான் அது நிலைக்கும். 19ஆம் நூற்றாண்டு கற்பித்த பாடம் அதுவே. மக்களின் உடலைப் பற்றிய அறிவு மக்களின் மொழியிலே மக்களுக்கு உரிமையாதல் வேண்டும். அது மொழிப்பற்றின் கோரிக்கை மட்டுமன்று; சுகாதார உரிமையின் கோரிக்கையுமாகும்.